கல்லுக்கு ஒரு பிடி

அவருக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. கடவுச்சீட்டில் அது ஒரு வரிக்குள் அடங்காது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒஸ்லோவில் ஒருவரும் அந்தப் பெயரைப் பாவித்ததில்லை. பெரியவர்களுக்கு அவர் மில்லக்கா, பிள்ளைகளுக்கு மில் அன்ரி. நானும் மில்லக்கா என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் எனக்கே அவர் ஆரோ பிறத்தியாராகிவிடுவார்.

குரூருத் பள்ளத்தாக்கில் ரயர் மாற்றும் கடைக்கும் கம்பளம் விற்கும் கடைக்கும் நடுவே படியிறங்கிப் போனால் அவருடைய மில். மா அரைக்கிற இடம் என்றால் வெள்ளைத் தூசி பறக்கும், கண் புருவமெல்லாம் நரைத்த ஆள் ஒருவர் நிற்பார் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே நிலத்தைத் தொட்டு விரலைப் பார்த்தால் விரல் விரலாகவே இருக்கும். தண்ணீர் படக்கூடாத இடம் அது. தண்ணீர் பட்டால் மா பசையாகிவிடும். தண்ணீர் இல்லாமல் அப்படி வைத்திருப்பதற்கு அவர் என்ன பாடுபட்டார் என்பதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

வாசலில் வெள்ளை றப்பர் சப்பாத்துகள் அளவு வாரியாக நிற்கும். உங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் ஒன்றை மாட்டவேண்டும். தலைக்கு வலைத்தொப்பி. நகைக்கடை வைத்திருந்த ஒருவர், ஊரில் பெரிய புள்ளி, நெஞ்சு வரைக்கும் தாடி வைத்திருந்தவர், தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு உள்ளே காலை வைத்தார். அக்கா இன்னொரு வலையை எடுத்து நீட்டினார்.

"என்னத்துக்கு இது?"

"தாடிக்கு. போடுங்கோ. இல்லாட்டி வெளியிலை நிண்டு கதையுங்கோ, எனக்கு இஞ்சை நிண்டாலும் கேக்கும்."

அவர் போட்டார். வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரித்தால் அக்காவிடம் எங்களுக்கும் ஏதாவது விழும்.

இந்தச் சுத்தம் அவருக்குப் பாட்ஸ்பியோர்ட்டில் பிடித்தது. வடக்கே, கடல்கூட உறைந்துபோகுமோ என்று பயமாயிருக்கும் அந்த ஊரில் மீன் வெட்டும் பக்டரியில் அவர் பல காலம் வேலை செய்தவர். கல்யாணம் கட்டிப் போன ஊர். கணவர் அங்கேயே காலமான பிறகும் அக்கா அங்கேயே நின்றார். பிறகுதான் தெற்கே வந்தார். வந்தபோது வடக்கு அவருடைய வாயிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாயில் என்றால், ஒஸ்லோக்காரர் 'நான்' என்பதற்கு 'யாய்' என்பார்கள். அக்கா வடக்கத்தி மீனவர்களைப்போல 'ஏ' என்று ஒற்றை எழுத்தோடு காரியத்தை முடித்துவிடுவார். என் மகள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். கையில் என்றால், பனித் தண்ணீரில் மீனைப் பிடித்துப் பிடித்து அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன.

மா அரைக்கிறவர்கள் மாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பதம் பார்ப்பார்கள். அக்கா மணிக்கட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் கொட்டி, மற்றக் கையின் மணிக்கட்டால் தேய்ப்பார். அத்தர் பூசுகிறவர்போல இருக்கும்.

"விரலை நம்பேலாது தங்கச்சி. விரலை மீன் திண்டிட்டுது. இஞ்சை இன்னும் கொஞ்சம் உயிர் கிடக்கு."

அப்படித் தேய்த்துவிட்டு, மெல்லிசு காணாது என்று நினைத்தால் யந்திரத்தின் பக்கத்திலுள்ள திருகைக் கால்வாசி முறுக்குவார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவால் குறையும். மெல்லிசாகவேண்டியது மெல்லிசாகும்.

அந்த யந்திரம் ஹாமார்ப் பக்கம் பண்ணையில் பாதியை விற்றுக்கொண்டிருந்த ஒரு நொர்வேஜியக் கிழவரிடம் வாங்கியது. மேலே தானியம் கொட்டும் மரப்பெட்டி. அதன் அடியில், கல் சுற்றும்போது தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு ஆடி, தானியத்தைச் சிறுகச் சிறுக உள்ளே விழுத்தும் மரத் தொட்டி. அதன் கீழே மரக்கூட்டுக்குள் இரண்டு வட்டக் கல், கீழ்க்கல் கிடக்கும், மேற்கல் சுற்றும். அரைபட்ட மா துணிக் குழாய் ஒன்றால் இறங்கிச் சாக்கில் விழும். சுவரில் அரிதட்டுகள் தொங்கும். இடியப்ப மாவுக்கு நெருங்கின கண், புட்டு மாவுக்கு அகன்ற கண், குரக்கனுக்கு, அதுதான் கேழ்வரகுக்கு, வேறொன்று. மரக்கூட்டைக் கூட்டித் துடைக்க ஒரு முழு வாத்துச் சிறகு. கல் தேய்ந்து வழுக்கத் தொடங்கினால் கொத்தி வரி திறப்பதற்கு, இரண்டு பக்கமும் உளிபோலக் கூர் உள்ள ஒரு சுத்தியல். ஊரில் அம்மி பொளிவதுபோலத்தான், ஆனால் இங்கே வரிகள் நடுவிலிருந்து விளிம்புக்குச் சாய்ந்து ஓடவேண்டும். கிழவர் அக்காவைத் தன் வீட்டில் ஒரு கிழமை தங்கவைத்து எல்லாம் பழக்கிக் கொடுத்தாராம். அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் உருளைக்கிழங்கு அவித்துப் போட்டாளாம். அதை மட்டும் அக்கா கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் சொல்வார்.

மிளகாயை அவர் தொடமாட்டார். யாழ்ப்பாணத்துச் சனத்தை நம்பி மில் போட்டுவிட்டு மிளகாய்த்தூள் அரைக்கமாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். வறுத்த மிளகாயும் மல்லியும் சாக்கோடு கொண்டுவந்து, கலியாண வீட்டுக்கு என்று கெஞ்சினவர்களையும் திருப்பி அனுப்பினார். "கல்லு ஒருக்கா மிளகாய் திண்டால் பிறகு ஆயுளுக்கும் ஏவறை விடும்," என்பார். ஏவறை என்றால் ஏப்பம். "பச்சைப் பிள்ளையளுக்கு மாக் கொண்டுபோற சனம் வருகுது. என்னாலை ஏலாது."

எங்களுடைய ஆட்கள் புட்டுக்கு அரிசி ஊறவைத்து, வடித்து, உலர்த்தித்தான் கொண்டுவருவார்கள். ஒஸ்லோவில் பனி கொட்டும் மாரிகாலத்தில் அரிசியை எங்கே உலர்த்துவது? ஒருநாள் ஒரு பெண் கொண்டுவந்த அரிசியை அக்கா கையில் அள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். முகம் மாறியது.

"இது எங்கை காயவைச்சனீங்கள்?"

"வீட்டிலைதான் அக்கா."

"வீட்டிலை எங்கை?"

அவள் வலைத்தொப்பியைச் சரிசெய்தாள். குளியலறை நிலம்தான். அடியில் வயர் ஓடிச் சூடாக இருக்கும் நிலம், அதில் துணியை விரித்து அரிசியைப் பரவியிருக்கிறாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். அக்கா அவளை ஏசவில்லை. சவர்க்கார மணம் அடிக்குது, கல்லிலை போடேலாது என்று மட்டும் சொல்லி, தன்னுடைய அரிசியில் அவ்வளவு அளந்து கொடுத்து அனுப்பினார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் சத்தமில்லாமல் திரும்பிப் படியேறிப் போனார்கள்.

ஒருவருடைய அரிசி அரைத்து முடிந்து அடுத்தவருடையதைக் கொட்டும் முன்னால் அக்கா ஒரு வேலை செய்வார். மூலையில் மூடிபோட்ட வாளி ஒன்று. அதிலிருந்து ஒரு பிடி தானியம் அள்ளிப் பெட்டிக்குள் போடுவார். அது அரைபட்டு வரும். அதைச் சாக்கில் விழவிடாமல் ஒரு சட்டியில் பிடித்து, பிறகு வெளியே பறவைகளுக்குப் போட்டுவிடுவார். அவசரப்படுகிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

"பொறுங்கோ," என்பார். "கல்லு வாய் கொப்புளிக்கட்டும்."

முன்னால் போனவரின் உழுந்தோ குரக்கனோ அடுத்தவருடைய மாவில் போகக்கூடாது. அதற்குத்தான் அந்த ஒரு பிடி. ஊர் மில்களில் இதற்கு வருகிறவருடைய அரிசியிலேயே ஒரு பிடி எடுத்துவிடுவார்களாம். அக்காவுக்கு அது களவு. ஆருடைய அரிசியையும் தொடாமல் தன்னுடைய சொந்தத் தானியத்தைப் போட்டார். அந்தத் தானியத்தை ஹாமார்க் கிழவர் வருடத்துக்கு ஒருமுறை மூட்டையாக அனுப்புவார். யந்திரத்தை விற்றபோது கிழவர் பழக்கிக் கொடுத்த வித்தைகளில் அதுவும் ஒன்று. இதையெல்லாம் நான் அக்காவின் பெருமைகளாகத்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தேன்.

என் மகளுக்குப் பத்து வயதில் வருத்தம் வந்தது. சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வாய்க்குள் புண். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டு போக, இவளுடைய போன வருடத்து மாரிச்சட்டை இந்த வருடமும் அளவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் குழாய்விட்டுப் பார்த்து, சீலியாகி என்றார்கள். கோதுமை, பார்லி, றை மூன்றிலும் உள்ள ஒரு சத்து அவளுடைய குடலை அரிக்கிறது, ஒரு துணிக்கைகூடக் கூடாது, ஆயுளுக்கும் கூடாது. ஒரு தட்டில் தானியங்களை வைத்து எது எது கூடாது என்று பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

நான் பார்ணஹாகெயில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், வேலை செய்கிறேன். அங்கே இந்த வருத்தமுள்ள ஒரு பிள்ளைக்குத் தனிப் பாண், தனிக் கத்தி, தனிப் பலகை வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பழகினவள். அதனால் மற்ற அம்மாக்களைப்போலப் பதறவில்லை. நாங்கள் அரிசிச் சனம்தானே என்று வீட்டில் எல்லோரும் மனதை ஆற்றிக்கொண்டோம். பாணை நிறுத்தினேன். ரொட்டியை நிறுத்தினேன். புட்டுக்குக் கோதுமை மா கலக்கும் எங்களுடைய பழக்கத்தை நிறுத்தினேன். கடை அரிசிமாவில் என்ன கலந்திருக்குமோ என்று அதையும் நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் மில்லக்காவின் மாவையே எடுக்கத் தொடங்கினேன். காலமை இடியப்பம், பின்னேரம் புட்டு. அவள் முன்னரைவிட அந்த மாவைக் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

வருத்தம் குறையவில்லை, கூடியது. இரத்தத்தில் பார்க்கும் அளவு இறங்கவேண்டிய காலத்தில் இறங்காமல் நின்றது. சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், பிள்ளை எங்கேயாவது ஒளித்துச் சாப்பிடுகிறாளா என்று. என் கணவர் சிநேகிதி வீட்டில் கேக் தின்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். "நான் ஒண்டும் சாப்பிடேல்லை அப்பா," என்று அவள் அழுதாள். நான் அவளை நம்பினேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளை என் கண்முன்னால் மெலிந்துகொண்டு போனாள். இரவில் அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

கடைசியில் அந்த ஆலோசனைக்காரிதான் கேட்டாள்: "மாவை எங்கே எடுக்கிறீர்கள்?" நான் பெருமையோடு சொன்னேன். "அங்கே வேறு தானியமும் அரைப்பார்களா?"

அக்காவின் மில்லுக்குக் கோதுமை வரும் என்பது எனக்குத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு கம்ப்யூட்டர் கொம்பனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி சப்பாத்திக்கு என்று கோதுமை கொண்டுவருவாள். "மேடம், கொஞ்சம் நைஸா அரைச்சுக் குடுங்க" என்பாள். மேடம் என்ற சொல்லைக் கேட்டால் அக்கா கூச்சப்பட்டுத் திருகையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவளுக்கு வேறு நாள் ஒதுக்கியிருந்தார். என்றாலும் அதே கல்தானே என்று நினைத்துக்கொண்டு நான் போய்க் கேட்டேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. என்னோடு அவர் கோபித்தது அந்த ஒருதரம்தான்.

"தங்கச்சி, என்ரை மில்லிலை ஒண்டுக்குள்ளை ஒண்டு கலக்காது. உங்களுக்கு ஐமிச்சம் எண்டால் சனிக்கிழமை விடிய வாங்கோ, ஒருத்தரும் வரமுந்தி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவள் தன்ரை கண்ணாலை பாக்கட்டும். கல்லை ஒண்டுக்கு ரெண்டு தரம் கழுவிப்போட்டு அரைச்சுத் தாறன்."

சனிக்கிழமை போனோம். அக்கா மரக்கூட்டைத் திறந்து சிறகால் மூலை மூலையாகக் கூட்டினார். துணிக் குழாயைக் கழற்றிப் புதிதொன்றைப் பூட்டினார். எல்லாம் என் மகளைப் பார்த்துப் பார்த்து, இது இதற்கு, அது அதற்கு என்று சொல்லிக்கொண்டே செய்தார். பிள்ளை வலைத்தொப்பியோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு அக்கா யந்திரத்தைப் போட்டு, வாளியைத் திறந்து, ஒரு பிடி அள்ளிப் போட்டார். அது அரைபட்டு முடிய இன்னொரு பிடி அள்ளினார்.

"அன்ரி," என்றாள் மகள். "அது வேத்தெதானே?"

வேத்தெ என்றால் நொர்வேஜிய மொழியில் கோதுமை. மகள் வாளிக்குள் கைவிடாமல், எட்டிக் குனிந்து, ஆஸ்பத்திரித் தட்டைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவின் கை அப்படியே பெட்டிக்கு மேலே நின்றது. பிறகு அந்தப் பிடியை வாளிக்குள் திரும்பப் போட்டுவிட்டு யந்திரத்தை நிறுத்தினார். நிறுத்தினால் கல் உடனே நிற்காது, தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது ஓய்ந்த பிறகு வாளியின் மூடியைப் போட்டார்.

"ஓம் பிள்ளை," என்றார் அக்கா. "கோதுமைதான். எல்லாருக்கும் இதைத்தான் போடுறனான்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதமுடியாது. எத்தனையோ தடவை அந்த ஒரு பிடி பெட்டிக்குள் விழுவதை நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. இவள் என் பிள்ளைக்கு நஞ்சு போட்டிருக்கிறாள் என்ற ஒன்றுதான் தலைக்குள் நின்றது. அதைச் சொல்லியும்விட்டேன். அக்கா மறுக்கவில்லை. சாக்கு ஒன்றின்மேல் இருந்துகொண்டு பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டார்.

"வயிறு எப்ப நோகும், சாப்பிட்ட உடனையோ, பிறகோ?"

"கொஞ்சம் செண்டு அன்ரி."

"புட்டுச் சாப்பிட்டாலும் நோகுமோ?"

"ஓம்."

சங்கிலியைக் கொளுவி மேற்கல்லைத் தூக்கினார். கல்லின் வரிகளுக்குள், சிறகு போகாத ஆழத்தில், மா அப்பிப்போய்க் கிடந்தது. அதை நகத்தால் கிளறி எடுத்து மணிக்கட்டில் தேய்த்தார். பிறகு இன்னொரு வரியில் கிளறினார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை மில் பூட்டியிருந்தது. அதற்கடுத்த கிழமையிலிருந்து அக்கா ஒன்றும் அரைக்காமல் உள்ளே நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றையே சொல்லத் தொடங்கினார்: "நான் கல்லுக் கழுவினது கோதுமையாலை. உங்களுக்குத் தந்த அரிசிமா எல்லாத்திலையும் கோதுமை இருந்தது. ஒரு பிள்ளைக்கு நான்தான் வருத்தம் குடுத்தனான். உங்கடை வீட்டிலை ஆருக்கும் வயித்துக்கோளாறு எண்டால் கொண்டுபோய்க் காட்டுங்கோ." சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். சிலர் அக்காவைப் பாவம் பார்த்து என்னைத்தான் ஏசினார்கள். கோயில் தேரன்று ஒரு மனிசி என்னை மறித்து, "உங்கடை பிள்ளை ஒண்டுக்காக அந்த மனிசியைத் தெருவிலை விட்டிட்டீங்கள்," என்றாள். அக்கா அந்த இடத்தில் இருந்தார். "நான் தெருவிலை நிக்கேல்லை, மில்லிலைதான் நிக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவளை அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. கோபம் தணிந்துவிட்டிருந்தது. மகளுக்கு அந்த மா நின்றதோடு வருத்தம் குறையத் தொடங்கியிருந்தது. நான் அக்காவிடம் போய், இனிக் காணும், எல்லாரும் அறிஞ்சாச்சுது, விடுங்கோ என்றேன்.

"இன்னும் அறியாத ஆக்கள் இருக்கினம் தங்கச்சி. ஒருக்கா மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போன ஆக்களும் இருக்கினம்."

கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் இனிக் கோதுமை அரைக்கமாட்டேன் என்றார். "நான் என்ன பண்ணேன் மேடம்?" என்றாள் அவள், கண் கலங்கி. "நீங்கள் ஒண்டும் பண்ணேல்லை பிள்ளை. நான் பண்ணினது." அவள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், வருடக்கணக்காய் வாய்வு வாய்வு என்று குளிசை போட்டுக்கொண்டிருந்த கணவனை இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். அவருக்கும் இதே வருத்தம். அவள் பிறகு கடலைமா லட்டு செய்து கொண்டுவந்து அக்காவின் கையைப் பிடித்து அழுதாளாம். அக்கா அதை வாங்கிச் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த மாரி முழுவதும் அவர் கல்லுப் பொளிந்தார். வரி திறப்பதற்காகக் கொத்துவது வேறு. இது கல்லின் முகத்தையே எடுப்பது. கண்ணாடி போட்டு, வாயைக் கட்டிக்கொண்டு, முழங்காலில் நின்று கொத்துவார். ரயர்க் கடைக்கு வந்த சனத்துக்கு அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். புதுக்கல் வாங்குங்கோ என்றேன். "இந்தக் கல்லுத்தானே செய்தது," என்றார். அதில் நியாயம் இருக்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை.

மாவில் கோதுமை இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டு விற்கிறார்கள். மாவை ஒரு மருந்தில் கரைத்துத் துண்டை விட்டால், இருந்தால் இரண்டு கோடு விழும், இல்லாவிட்டால் ஒரு கோடு. கல்லைப் பூட்டி, அரிசி போட்டு அரைத்து, அதைக் கொட்டி, இன்னொருதரம் அரைத்து, அக்கா எனக்கு ரெலிபோன் எடுப்பார், காகிதத்தைக் கொண்டு வாங்கோ என்று. இரண்டு கோடு. திரும்பவும் கல்லைத் தூக்கினார். திரும்பவும் இரண்டு கோடு, இரண்டாவது கொஞ்சம் மங்கல். தையும் மாசியும் போய், பனி உருகி, தெருவெல்லாம் சேறாகிய ஒரு நாளில் ஒற்றைக் கோடு விழுந்தது. நான் சத்தம்போட்டே விட்டேன். அக்கா நம்பவில்லை. சாக்கின் அடியிலிருந்து அள்ளிப் பார்க்கச் சொன்னார். சாக்கின் வாயிலிருந்து அள்ளிப் பார்க்கச் சொன்னார். துணிக் குழாயைத் தட்டி அதிலிருந்தும் பார்க்கச் சொன்னார். எல்லாம் ஒற்றைக் கோடு. அப்போதுதான் வாய்த்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பையில் மாவை நிரப்பி, இறுக்கிக் கட்டி என்னிடம் தந்தார்.

"பிள்ளைக்கு," என்றார்.

வீட்டில் அந்தப் பையை மேசையில் வைத்தேன். மகள் பார்த்தாள். காகிதத் துண்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துக் காட்டினேன்.

"நான் இதைச் சாப்பிடமாட்டன் அம்மா," என்றாள்.

"ஒரு கோடுதான் பிள்ளை, பார்."

"அன்ரி முந்தியும் கலக்காது எண்டுதான் சொன்னவா."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நொந்தது. நான் ஏசிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அசையவில்லை. கடையில் கோதுமைக் கதிரைக் குறுக்கே கோடிட்ட படம் போட்ட பெட்டி மாதான் அவளுக்கு. அக்காவின் மாவை நானும் கணவரும் சாப்பிட்டோம். மாதம் ஒருமுறை அரைப்பில் முதல் மாவை எடுத்துப் பிள்ளைக்கு என்று அக்கா தனியாகக் கட்டி வைப்பார். நான் வாங்கிக்கொண்டு வருவேன். பிள்ளை சாப்பிடுகிறாளா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சாப்பிடுகிறாள் என்று நானும் சொன்னதில்லை. இப்படியே வருடங்கள் போயின. மகள் என்னைவிட உயரமாக வளர்ந்து, துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போனாள்.

போன மாரியில் அக்காவுக்கு இருதயம் ஏலாமல் போய்விட்டது. மில்லைப் பூட்டினார்கள். நத்தார் விடுமுறைக்கு வந்த மகள் தானாகவே, "அம்மா, அன்ரியைப் பாக்கப் போவம்," என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பாதியாகக் கிடந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, படிப்பைப் பற்றி, துரொண்ட்ஹெய்ம் குளிரைப் பற்றி, அங்கே அறையில் ஆர் சமைக்கிறது என்பதைப் பற்றி எல்லாம் விசாரித்தார். பிறகு அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லவேணும். அந்த மா நீ சாப்பிட்டனியோ?"

நான் அவசரமாக "ஓம்" என்று வாயெடுத்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை அன்ரி," என்றாள். "ஒரு நாளும் சாப்பிடேல்லை."

சாகக் கிடக்கிற மனிசிக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு உள்ளே எரிந்தது. அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றியில் நெடுங்காலமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்ததைக் கண்ணால் கண்டேன்.

"அதுதான் சரி," என்றார். "நானெண்டாலும் திண்டிருக்க மாட்டன்."

மகள் கட்டிலில் தலையை வைத்து அழத் தொடங்கினாள். அக்கா அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு, அதற்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, வீட்டை போய்ப் பிள்ளையை ஏசாதேங்கோ."

திரும்பி வரும்போது தேபானெ ரயிலில் நானும் மகளும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். நான் ஏசவில்லை.